ஸ்கார்ம் பாடத்தை முடித்தவர்களும் 'இன்கம்ப்ளீட்' பட்டியலில்: எக்ஸ்ஏபிஐக்கு மாறினால் தீருமா?

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் செவிலியர்களுக்கும் வார்டு ஊழியர்களுக்கும் ஆன்லைன் பயிற்சியைப் பார்த்துக்கொள்கிறேன். தொற்றுத் தடுப்பு, மருந்து கொடுக்கும் முறை, தீ பாதுகாப்பு என்று எல்லாப் பாடங்களும் தமிழில் இருக்கின்றன. எல்லாமே ஸ்கார்ம் 1.2 (ஆன்லைன் பாடமும் அதை நடத்தும் தளமும் பேசிக்கொள்வதற்கான ஒரு தரம்) ஜிப் கோப்புகள். ஒரு எல்எம்எஸ்ஸில், அதாவது பாடங்களை நடத்திப் பதிவு வைக்கும் தளத்தில், ஏற்றி வைத்திருக்கிறோம். பெரும்பாலோர் ஷிப்ட் இடைவேளையில் போனில்தான் படிக்கிறார்கள்.

கடைசி ஸ்லைடு வரை பார்த்து, தேர்வும் எழுதியவர்கள் பலர் அறிக்கையில் 'இன்கம்ப்ளீட்' என்றே வருகிறார்கள். சிலர் பாதியில் விட்டுத் திரும்பி வந்தால் பாடம் முதல் ஸ்லைடிலிருந்து தொடங்குகிறது. ஒருவர் இருபது நிமிடப் பாடத்தில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்ததாகக் கணக்கு காட்டுகிறது. இந்தப் பதிவு அவர்களுடைய ஆண்டு மதிப்பீட்டில் சேர்கிறது. படித்தவரைப் படிக்காதவர் என்று சொல்லும் அறிக்கையில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

பாடம் செய்து கொடுத்த நிறுவனம், எல்லாவற்றையும் எக்ஸ்ஏபிஐ என்ற புதிய தரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்கிறது. செலவு பெரிது. கீழ்த்தளத்தில் சிக்னலே கிடையாது என்பதால், நெட் இல்லாமல் படிக்க ஓர் ஆப் வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. மாறுவதுதான் வழியா?

பழையபாதை:

மேடம், உடனே மாறாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். அவற்றைக் கண்டுபிடிக்காமல் எக்ஸ்ஏபிஐக்குப் போனால் அதே கோளாறுகள் புதிய அறிக்கையிலும் வரும்.

ஸ்கார்ம் 1.2 வெளிவந்தது 2001 அக்டோபரில். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் அமைப்பு தந்தது. பாடம் திறந்தவுடன் அது தன் சாளரத்துக்கு மேலே உள்ள சாளரங்களில் 'ஏபிஐ' என்ற பெயரில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பொருளைத் தேடும். கிடைத்தால் 'இனிஷியலைஸ்' என்று தொடங்கும், 'செட்வேல்யூ' மூலம் விவரங்களை எழுதும், 'கமிட்' என்று சேமிக்கச் சொல்லும், கடைசியில் 'ஃபினிஷ்' என்று முடிக்கும். அந்தக் காலத்தில் எல்லாரும் மேசைக் கணினியில், 'வெளியேறு' பொத்தானை அழுத்தித்தான் மூடினார்கள். நம் ஊழியர்கள் ஹோம் பொத்தானை அழுத்திவிட்டு நோயாளியிடம் ஓடுகிறார்கள். 'ஃபினிஷ்' போகவே இல்லை. இது முதல் சந்தேகம்.

முதல் ஸ்லைடுக்குத் திரும்புவது வேறு விஷயம். பாடம் வெளியேறும்போது 'எக்ஸிட்' என்ற புலத்தில் 'சஸ்பெண்ட்' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் விட்ட இடத்துத் தகவலை எல்எம்எஸ் அடுத்த முறை தர வேண்டிய கட்டாயம் இல்லை. அதையும் சரியாக எழுதியிருந்தால், விட்ட இடத்துத் தகவலைச் சேமிக்கும் 'சஸ்பெண்ட் டேட்டா' புலத்தின் அளவைப் பாருங்கள். ஸ்கார்ம் 1.2இல் அதற்கு 4,096 எழுத்துகள்தான் இடம். தமிழ்ப் பாடத்தில் இது இன்னும் சீக்கிரம் நிறையும். ஊழியர் தட்டச்சு செய்த பதிலைப் பாடம் யுஆர்எல் குறியாக்கத்தில் (இணைய முகவரிக்கு ஏற்ற ஆங்கில எழுத்து, எண், % குறிகளாக மாற்றி) சேமித்தால், ஒவ்வொரு தமிழ் யூனிகோடு குறிக்கும் 9 எழுத்துகள் ஆகும். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து யூனிகோடு குறிகள் இருக்கின்றன, அதாவது 45 எழுத்துகள். நாலைந்து விரிவான பதில்களிலேயே பெட்டி நிரம்பிவிடும். நிரம்பியதும் சில எல்எம்எஸ் மீதியை வெட்டிவிடும், சில பிழை என்று திருப்பிவிடும். இரண்டையுமே பாடம் கவனிக்காது.

ஸ்கார்ம் 2004இன் மூன்றாம் பதிப்பில் இந்த அளவு 64,000 ஆனது. அளவு மட்டும்தான் பிரச்சினை என்றால் அதே பாடத்தை 2004 வடிவில் வெளியிட்டாலே போதும். உங்கள் எல்எம்எஸ் அதை உண்மையிலேயே தாங்குகிறதா என்று மட்டும் முதலில் சோதியுங்கள்.

அந்தப் பல மணி நேரக் கணக்கு, திரை அணைந்த பிறகும் பாடத்தின் கடிகாரம் ஓடியதால் வந்தது. எந்தத் தரத்துக்கு மாறினாலும் அது தானாகச் சரியாகாது.

நொய்யல்கரை:

நன்றி சார். நேற்று ஒரு செவிலியரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தோம். தேர்வு எழுதி மதிப்பெண் திரையில் வந்ததும் ஹோம் பொத்தானை அழுத்தினார். சர்வர் பதிவில் 'கமிட்'டும் இல்லை, 'ஃபினிஷ்'ஷும் இல்லை. அதே பாடத்தைக் கணினியில் 'வெளியேறு' அழுத்தி மூடினால் 'பாஸ்டு' என்று சரியாக வருகிறது.

சாளரம்:

அப்படியென்றால் முதல் காரணம் உறுதி. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய ஸ்கார்ம் பாடங்கள் பக்கம் மூடும் தருணத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பும். அதற்கு எல்எம்எஸ் பக்கத்து நிரல், பதில் வரும்வரை பிரவுசரை நிறுத்தி வைக்கும் ஒத்திசைவுக் கோரிக்கையைப் பயன்படுத்தியது. 2020இல் வந்த குரோம் 80 முதல், பக்கம் மூடும்போது அப்படி அனுப்புவதைப் பிரவுசர் தடுத்துவிடுகிறது. போனில் நிலைமை இன்னும் மோசம். ஆப்பை மாற்றும்போதோ சிஸ்டம் அதை நினைவகத்திலிருந்து தூக்கும்போதோ பக்கம் மூடுவதைச் சொல்லும் 'அன்லோட்' நிகழ்வு நடக்கும் என்று நம்பவே முடியாது. நம்பக்கூடியது 'விசிபிலிட்டிசேஞ்ச்' ஒன்றுதான். பக்கம் கண்ணிலிருந்து மறையும் அந்த நொடியில் 'சென்ட்பீக்கன்' அல்லது 'கீப்அலைவ்' வைத்த ஃபெட்ச் (பக்கம் மூடினாலும் தரவு போய்ச் சேரும் வழிகள்) மூலம் அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் சுமார் 64 கேபி வரம்பு உண்டு, ஸ்கார்ம் 1.2 தரவுக்கு அது தாராளம்.

நல்ல சேதி: பாடங்களைத் தொட வேண்டியதில்லை. 'ஏபிஐ' பொருள் எல்எம்எஸ் பக்கத்தில் இருக்கிறது. பாடம் ஒவ்வொரு முறை 'செட்வேல்யூ' சொல்லும்போதும் உள்ளுக்குள் சேர்த்து வைத்து, சில விநாடிக்கு ஒரு முறை பின்னணியில் சேமிக்குமாறு அந்தப் பொருளை மாற்றலாம். மதிப்பெண்ணோ, பாடத்தின் நிலையைச் சொல்லும் 'லெஸன் ஸ்டேட்டஸ்' புலமோ மாறினால் காத்திருக்காமல் உடனே அனுப்பச் சொல்லுங்கள். பக்கம் மறையும்போது மீதியை அனுப்புங்கள். நேரக் கணக்கையும் அதே இடத்தில் நிறுத்தலாம். உங்கள் தொழில்நுட்பக் குழுவால் செய்யக்கூடிய வேலைதான்.

இன்னொன்று. பாடக் கோப்புகளை வேறு டொமைனில், ஒரு சிடிஎன்னில் (கோப்புகளை வழங்கும் தனிச் சர்வர்களில்) வைத்திருக்கிறீர்களா? அப்படியிருந்தால் பாடத்தால் மேல்சாளரத்தின் 'ஏபிஐ'யைத் தொட முடியாது. பிரவுசரின் ஒரே-மூல விதி தடுக்கும். ஸ்கார்ம் அந்த விதத்தில் எல்எம்எஸ்ஸோடு ஒட்டிப் பிறந்த பிள்ளை.

தரவுக்கிடங்கு:

மேலே சொன்ன திருத்தங்களை முதலில் செய்யுங்கள், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'மாறவே வேண்டாம்' என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நெட் இல்லாத ஆப் வேண்டும் என்கிறீர்கள். ஸ்கார்ம் பிரவுசரையும் திறந்திருக்கும் எல்எம்எஸ் சாளரத்தையும் நம்பி எழுதப்பட்டது. எக்ஸ்ஏபிஐக்கு அந்தக் கட்டு கிடையாது.

எக்ஸ்ஏபிஐயின் 1.0 பதிப்பு 2013 ஏப்ரலில் வந்தது. 'டின் கேன்' என்ற பெயரில் ரஸ்டிசி நிறுவனம் ஏடிஎல்லுக்காகச் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது. 2023இல் அதன் 2.0 பதிப்பு ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரமாகவே ஆகிவிட்டது. யார், என்ன செய்தார், எதை என்ற மூன்றும் கொண்ட ஒரு வாக்கியம்தான் அடிப்படை. அதை ஜேசன் என்ற எழுத்து வடிவில் எல்ஆர்எஸ் என்ற பதிவுக் கிடங்குக்கு அனுப்புகிறோம். விளைவு, சூழல், நேரம் எல்லாம் கூடவே போகும்.

நெட் இல்லாத இடத்துக்கு மூன்று விஷயங்கள் உதவும். ஒன்று, வாக்கியத்தின் அடையாள எண்ணைப் போனே உருவாக்கலாம். சிக்னல் விட்டு விட்டு வந்து ஆப் அதே வாக்கியத்தை இரண்டு முறை அனுப்பினாலும் கிடங்கில் ஒன்றுதான் நிற்கும். அதே எண்ணில் வேறு உள்ளடக்கம் வந்தால் 409 (முரண்பாடு) என்ற பிழை எண்ணோடு மறுக்கச் சொல்கிறது தரம். இரண்டு, நடந்த நேரமும் கிடங்கில் சேர்ந்த நேரமும் தனித்தனிப் புலங்கள். கீழ்த்தளத்தில் இரவு 2 மணிக்குப் படித்தது காலை 7 மணிக்குச் சேர்ந்தாலும் 2 மணி என்றே இருக்கும். மூன்று, தவறாகச் சேர்ந்த வாக்கியத்தை அழிக்க முடியாது. அதைச் செல்லாது என்று சொல்லும் இன்னொரு வாக்கியத்தைத்தான் அனுப்ப முடியும். தணிக்கைக்கு இது மிகப் பெரிய பலம்.

எச்சரிக்கை ஒன்று. ஆப் பத்து வாக்கியங்களைக் கட்டாக அனுப்பி, அதில் ஒன்று மட்டும் தவறாக இருந்தாலும் மொத்தக் கட்டும் நிராகரிக்கப்படும். அப்போது ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பும் வழி ஆப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு தவறான வாக்கியம் அந்தப் போனின் எல்லாப் பதிவுகளையும் அடைத்துக்கொண்டு நிற்கும்.

பழையபாதை:

இதில் நான் மாறுபடுகிறேன். எக்ஸ்ஏபிஐ ஒரு பதிவு வடிவம், அவ்வளவுதான். பாடத்தை யார் திறப்பது, பயனர் யார் என்று பாடத்துக்கு எப்படித் தெரியும், எது நடந்தால் பாடம் முடிந்ததாகக் கொள்வது, எதையும் அது சொல்வதில்லை. ஸ்கார்ம் குறைந்தபட்சம் அந்த மூன்றையும் சொன்னது. வெறும் எக்ஸ்ஏபிஐயில் பாடம் செய்யும் ஒவ்வொருவரும் தங்கள் மனதுக்குத் தோன்றியபடி செய்வார்கள், எல்எம்எஸ் ஒவ்வொன்றையும் ஊகிக்க வேண்டியிருக்கும்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் சிஎம்ஐ5 என்ற தரம் வந்தது. விமானத் துறைப் பயிற்சிக்காக 1988இல் தொடங்கிய ஏஐசிசி குழு ஆரம்பித்து, 2014இல் அது கலைந்தபோது ஏடிஎல்லிடம் கொடுத்தது. 2016 ஜூனில் முதல் பதிப்பு வெளிவந்தது. உள்ளே ஓடுவது எக்ஸ்ஏபிஐதான், விதிகள் மட்டும் இறுக்கம். அது வரையறுத்த வினைகள் ஒன்பது. அவற்றில் தொடங்கியது, முடித்தது, தேர்ச்சி, தோல்வி, வெளியேறியது ஆகிய ஐந்தையும் பாடம் சொல்லலாம். திறந்தது, கைவிட்டது, விலக்கு, நிறைவு ஆகிய நான்கையும் எல்எம்எஸ் சொல்லும்.

மேடம், உங்கள் ஹோம் பொத்தான் கதைக்கு இதில் தெளிவான பதில் இருக்கிறது. 'பாஸ்டு' என்ற வாக்கியம் தேர்வு முடிந்த கணமே கிடங்குக்குப் போய்விடுகிறது. வெளியேறும் வாக்கியம் வராமல் போனால் எல்எம்எஸ் அந்த அமர்வைக் 'கைவிட்டது' என்று மூடிக்கொள்ளும். தேர்ச்சி தேர்ச்சியாகவே இருக்கும். எது நடந்தால் பாடம் நிறைவு என்பதைப் பாடத்தின் அமைப்புக் கோப்பில் 'மூவ்ஆன்' என்ற இடத்தில் எழுதுகிறோம்: முடித்தால் போதுமா, தேர்ச்சி பெற வேண்டுமா, இரண்டும் வேண்டுமா, இரண்டில் ஒன்று போதுமா. ஸ்கார்ம் 1.2இல் இதெல்லாம் ஒரே 'லெஸன் ஸ்டேட்டஸ்' புலத்தில் அடித்துக்கொண்டு கிடந்தது. பாடம் 'கம்ப்ளீட்டட்' என்று எழுத, எல்எம்எஸ் தேர்ச்சி வரம்போடு ஒப்பிட்டு அதன்மேல் 'ஃபெயில்டு' என்று எழுதிவிடும்.

தரவுக்கிடங்கு:

சிஎம்ஐ5 பிரவுசரில் திறக்கும் பாடத்துக்குச் சரி. நெட் இல்லாத ஆப்புக்கு எப்படி? அது திறக்கும்போதே எல்எம்எஸ் ஒரு தொடுப்பு கொடுக்கும், அந்தத் தொடுப்பிலிருந்து ஒரே ஒரு முறை அனுமதிச் சீட்டு வாங்கலாம். கீழ்த்தளத்தில் அது நடக்காது.

பழையபாதை:

ஏற்கிறேன். ஆப்பில் வெறும் எக்ஸ்ஏபிஐ, ஆனால் சிஎம்ஐ5இன் அதே வினைகள், அதே நிறைவு விதி. அப்போது இரண்டு பக்கத்துப் பதிவும் ஒரே அறிக்கையில் ஒட்டும்.

சாளரம்:

ஆப் செய்யும்போது ஒன்றை மறக்க வேண்டாம். எல்ஆர்எஸ்ஸின் சாவியையும் கடவுச்சொல்லையும் ஆப்புக்குள்ளேயோ ஜாவாஸ்கிரிப்ட் கோப்பிலேயோ வைக்காதீர்கள். எட்டிப் பார்க்கத் தெரிந்த எவரும் யார் பெயரில் வேண்டுமானாலும் 'பாஸ்டு' என்று அனுப்பலாம். ஆப் உங்கள் சர்வருக்கு அனுப்பட்டும். சர்வர் ஆளைச் சரிபார்த்துவிட்டுக் கிடங்குக்குத் தரட்டும்.

இது எக்ஸ்ஏபிஐக்கு மட்டும் உள்ள குறை அல்ல. ஸ்கார்மிலும் பிரவுசர் கன்சோலைத் திறந்து ஒரு வரி எழுதினால் மதிப்பெண் 100 ஆகிவிடும். மருந்து அளவு கணக்கிடும் தேர்வு போன்றவற்றைப் பாடத்துக்குள்ளே திருத்தாமல், சர்வரில் திருத்தும் எல்எம்எஸ் வினாத்தாளாக வையுங்கள்.

வரப்பு:

தரவு அறிக்கைகள் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். எக்ஸ்ஏபிஐ திட்டங்கள் கெடுகிற இடம் பெரும்பாலும் நிரலில் இருக்காது, பெயர்களில் இருக்கும்.

ஆளை மின்னஞ்சலால் அடையாளம் காட்டாதீர்கள். செவிலியர் வேறு கிளைக்கு மாறி முகவரி மாறினால் அவர் கிடங்கில் இரண்டு ஆள் ஆகிவிடுவார். 'அக்கவுண்ட்' என்ற வடிவம் இருக்கிறது. அதில் உங்கள் அமைப்பின் முகவரியும், மாறாத ஊழியர் எண்ணும் போதும். மின்னஞ்சலை ஹாஷ் செய்து (திருப்ப முடியாத குறியீடாக மாற்றி) அனுப்பினால் அடையாளம் மறைந்துவிடும் என்று சிலர் நினைப்பார்கள். மறையாது. ஊழியர் முகவரிப் பட்டியல் கையில் இருந்தால் சில நொடிகளில் பொருத்திவிடலாம்.

பாடத்தின் அடையாளமும் அப்படித்தான். அது ஓர் இணைய முகவரி போல இருக்கும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலோ, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலோ கிடங்குக்கு அது வேறு பாடம். பாடத்தைத் திருத்தி மறுபடி வெளியிடும்போது அடையாளம் மாறலாமா கூடாதா என்பதை முன்பே எழுதி வையுங்கள். தொற்றுத் தடுப்பு விதிமுறையே மாறியிருந்தால் புதிய அடையாளம் சரி. எழுத்துப் பிழை திருத்தத்துக்குப் பழையதே தொடரட்டும்.

அப்புறம், பாடத்தின் பெயரை மொழிவாரியாகக் கொடுக்கலாம். தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். அறிக்கை பார்ப்பவர் எந்த மொழியில் கேட்டாலும் கிடைக்கும்.

அரும்பு:

நான் பள்ளி ஆசிரியை. நுட்பம் பாதிதான் புரிகிறது, ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். ஸ்லைடு கடைசி வரை போனது என்பதை வைத்து ஒரு செவிலியருக்குக் கை கழுவும் முறை தெரியும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

என்பிடெல் தளத்தின் கல்லூரி நிலை ஆன்லைன் படிப்புகளைப் பாருங்கள். வீடியோ எத்தனை நிமிடம் ஓடியது என்பதை வைத்துச் சான்றிதழ் தருவதில்லை. 12 வாரப் படிப்பில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளின் சராசரிக்கு 25 சதவீதம், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்சம் எடுக்க வேண்டும். எதை அளக்கிறோம் என்பதை அங்கே முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

எங்கள் பாடநூல்களில் உள்ள கியூஆர் கோடு வழியாகப் பிள்ளைகள் போகும் தீக்ஷா தளமும் ஒவ்வொரு தட்டலையும் பதிகிறது என்று கேள்வி. அது இந்தத் தரங்களில் எது? யார் பார்க்கிறார்கள் என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

வரப்பு:

தீக்ஷா 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. எக்ஸ்டெப் அமைப்பு தந்த சன்பேர்ட் என்ற திறந்த மூல மென்பொருள்மேல் நிற்கிறது. அதற்கென்றே ஒரு டெலிமெட்ரி (பயன்பாட்டுப் பதிவு) வடிவம் உண்டு, எக்ஸ்ஏபிஐ அல்ல. தொடங்கியது, பார்த்தது, தொட்டது, மதிப்பிட்டது, முடிந்தது என்று நிகழ்வுகள் பதிவாகும். ஒவ்வொன்றிலும் யார், எந்தச் சூழலில், எந்தப் பாடம், எப்போது என்பது இருக்கும். உறவுக்காரத் தரம் என்று சொல்லலாம்.

உங்கள் கவலை நியாயமானது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள். அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும், நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்றும் அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. விதிவிலக்கு அளிக்கவும் அதே பிரிவு அரசுக்கு இடம் தருகிறது. அதனால் பள்ளிக்காகத் தளம் கட்டுபவர்கள் முதல் நாளே சட்டம் தெரிந்தவரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பெரியவர்கள் விஷயத்திலும், கேள்வி இல்லாமல் தரவு சேர்க்காதீர்கள். செவிலியர் எந்த நொடியில் வீடியோவை நிறுத்தினார் என்பது எந்த முடிவுக்கும் உதவாது என்றால் அதைப் பதியவே வேண்டாம்.

தரவுக்கிடங்கு:

அரும்பு மேடம் கேட்ட முதல் கேள்விக்கு எக்ஸ்ஏபிஐயில் ஒரு வழி இருக்கிறது, நொய்யல்கரை மேடத்துக்கு இதுதான் மிகப் பெரிய பயன் என்று நினைக்கிறேன். பதிவு பாடத்துக்குள்ளிருந்தே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வார்டு பொறுப்புச் செவிலியர் ஒரு டேப்லெட்டில் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஊழியர் கை கழுவுவதை நேரில் பார்த்து 'செய்து காட்டினார்' என்று குறிக்கட்டும். செய்தவர் ஊழியர், சூழலில் பயிற்றுநர் என்று பொறுப்புச் செவிலியர், கூடவே வார்டும் நேரமும். ஆன்லைன் பாடத்தின் தேர்ச்சியும் இந்தப் பதிவும் ஒரே கிடங்கில் ஒரே ஆளின் பெயரில் சேரும். ஸ்கார்மில் இதற்கு இடமே கிடையாது.

நொய்யல்கரை:

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மேலிடத்தில் இப்படிச் சொல்லப் போகிறேன். இந்த மாதம் எல்எம்எஸ் பக்கத்து 'ஏபிஐ' பொருளைத் திருத்துகிறோம், பாடங்களைத் தொடவில்லை. தட்டச்சுப் பதில்கள் உள்ள பாடங்களில் 'சஸ்பெண்ட் டேட்டா' அளவைச் சோதிக்கிறோம். அடுத்து ஊழியர் எண், பாட அடையாளம், நிறைவு விதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் செவிலியர் கண்காணிப்பாளரிடம் ஒப்புதல் வாங்குகிறேன். புதிதாகச் செய்யும் பாடங்களை மட்டும் சிஎம்ஐ5இல் கேட்கிறோம். கை கழுவும் சரிபார்ப்புப் பட்டியலை ஒரு வார்டில் தொடங்கிப் பார்க்கிறோம்.

ஒரு கேள்வி மிச்சம். பழைய பாடம் ஒன்று சிஎம்ஐ5 வடிவில் புதிதாக வந்தால், ஏற்கெனவே முடித்தவர்களைத் திரும்பப் படிக்கச் சொல்ல வேண்டுமா? பழைய பதிவுகளை 'கம்ப்ளீட்டட்' வாக்கியங்களாக மாற்றி ஏற்றலாம் என்கிறார் எங்கள் டெவலப்பர்.

பழையபாதை:

அப்படி ஏற்றாதீர்கள் மேடம். 'கம்ப்ளீட்டட்' என்று சொல்ல வேண்டியது பாடம். அந்தப் புதிய பாடத்தை அவர்கள் திறக்கவே இல்லையே. இதற்கென்றே சிஎம்ஐ5இல் 'விலக்கு' என்ற வினை இருக்கிறது. அதை எல்எம்எஸ் அனுப்பும், காரணமும் சேர்க்க வேண்டும். 'இதற்கு இணையான வெளிப் பயிற்சி' என்பது தரத்திலேயே சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்று. அதைப் பயன்படுத்துங்கள். எல்எம்எஸ் அதை நிறைவாக ஏற்றுக்கொள்ளும், பின்னால் தணிக்கைக்கு வருபவருக்கும் எது புதிய பாடம் படித்தது, எது பழைய பதிவு என்று தெரியும்.

'இன்கம்ப்ளீட்' என்று தவறாக நிற்பவர்களுக்கு இதைச் செய்ய முடியாது. அவர்களுடைய தேர்வு மதிப்பெண் சர்வரில் எங்காவது தங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தங்கியிருந்தால் நீங்கள் கையெழுத்திட்டுத் திருத்தலாம். இல்லாவிட்டால் திருத்திய எல்எம்எஸ்ஸில் தேர்வை மட்டும் மறுபடி எழுத விடுங்கள். முழுப் பாடத்தையும் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டாம், தவறு அவர்களுடையது இல்லை.

நொய்யல்கரை:

சரி சார், அப்படியே செய்கிறோம். தேர்வை மட்டும் தனியாகத் திறக்கும் வழி பழைய ஜிப் கோப்புகளில் இருக்கிறதா என்று திங்கட்கிழமை பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.